புதுவையில் மட்டமான குழாய் சாமான்: கெட்ட பெயரோ பிளம்பருக்கு!

புதுச்சேரி: ஒரே டப்பாவில் வந்த 2 குழாயில் ஒன்றுக்கு மரை கச்சிதமாக ஏறும், இன்னொன்று எத்தனை சுற்று டேப் சுற்றினாலும் ஒழுகும். புதுவை பிளம்பர்களின் தினசரி தலைவலி இது.

கடலோர ஊர் என்பதால் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோம் பூசிய மலிவு குழாய் சீக்கிரம் அரித்துப் போகும். வீட்டுக்காரர் திட்டுவது பிளம்பரை. "மாட்டினது சரியில்லப்பா" என்று கடைக்காரர் கழன்று கொள்வார். மறுபடி போய் மாட்டும் வேலைக்கு கூலியும் கிடையாது.

கெய்சருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் முத்திரையையே போலியாக அடிக்கிறார்களே? முத்திரைக்கு கீழே உள்ள சி.எம்/எல் எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் போட்டால், உரிமம் எந்த கம்பெனிக்கு என்று தெரிந்துவிடும். 2016-ம் ஆண்டு சட்டப்படி போலி முத்திரைக்கு 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது குறைந்தது ரூ.2 லட்சம் அபராதம். அங்கேயே புகாரும் கொடுக்கலாம். பில் வாங்காதவர்தான் என்ன காட்டுவார்?