எந்த இதயத்தில் தேடுவது?

1899ஆம் ஆண்டு ஜெனீவாவில் பிரெவோ, பட்டெல்லி என்னும் இரு அறிஞர்கள் நாயின் இதயத்தில் மின்சாரம் செலுத்தி ஆராய்ந்தனர். மெல்லிய மின்னோட்டம் இதயத்தின் கீழறைகளை ஒழுங்கின்றி நடுங்கச் செய்தது. வலிய மின்னதிர்ச்சியோ அந்நடுக்கத்தை நிறுத்திற்று. இவ்வுண்மை மனிதருக்குப் பயன்பட நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. 1947இல் கிளீவ்லாந்து நகரில், அறுவையின்போது இதயம் நடுங்கத் தொடங்கிய பதினான்கு வயதுச் சிறுவனை மருத்துவர் கிளாட் பெக் மின்னதிர்ச்சியால் மீட்டார். உங்களைவிட ஓரிரண்டு ஆண்டுகளே இளையவன் அவன். அந்நாய்களை எண்ணாமல் அச்சிறுவனைப் பற்றிப் பேச என்னால் இயலவில்லை.

ஆகவே, விலங்காய்வே கூடாது என்போருடன் நான் உடன்படவில்லை. ஆயினும், எந்நோய்க்கு எவ்விலங்கு பொருந்தும் என்று வினவாமல் செய்யும் ஆய்வையும் ஏற்பதற்கில்லை.

இன்று ஆய்வகங்களில் மிகுதியாக வாழ்வது சுண்டெலி. விலை குறைவு, விரைந்து பெருகும், மரபணுவை மாற்றுவதும் எளிது. ஆனால் அதன் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 600 முறை துடிக்கிறது. நம் இதயமோ 70 முறை. ஒவ்வொரு துடிப்பிற்குப் பின்னும் இதயத்தசை தன் மின்னிலைக்கு மீள, பொட்டாசியம் வெளியேறும் வழிகள் திறக்க வேண்டும். மனிதரிடம் இப்பணியைச் செய்யும் முதன்மை வழிகளுக்கு, வளர்ந்த சுண்டெலியிடம் பெரும்பங்கு இல்லை. நடுக்கம் நிலைத்திருக்கப் போதிய தசைப்பரப்பும் வேண்டும். இதனை 1914இலேயே காரே என்பவர் இதயத்தசையைத் துண்டுகளாக வெட்டிக் காட்டினார். சுண்டெலியின் சிற்றிதயத்தில் எழும் நடுக்கம் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். கொல்லும் நோயை, அது கொல்லாத உடலில் தேடுவது எங்ஙனம்?

டெர்ஃபெனடின் என்னும் ஒவ்வாமை மருந்து, மனித இதயத்தின் இத்தகைய பொட்டாசிய வழி ஒன்றை அடைத்துச் சிலரின் உயிரைப் பறித்தது. 1990களின் இறுதியில் அது அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அத்தீங்கை முன்னுரைக்கச் சுண்டெலி ஏற்ற சான்றாகாது. (அதனால் பயனே இல்லை என்பதன்று, இதய உயிரணுவில் கால்சியம் விளைவிக்கும் பிழைகளை அது நன்கு காட்டியுள்ளது.)

முயலின் இதயம் இவ்வகையில் நமக்கு அணுக்கமானது. 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் குறைபாடுடைய மனித மரபணுவை முயல்களில் சேர்த்தனர். அவற்றுள் ஒரு வகை முயல்கள் பல, சில குடும்பங்களில் இளையோர் இறப்பதைப் போலவே, திடீரென இறந்தன. முயலை வளர்க்கச் செலவும் காலமும் மிகுதி என்பர். பொருந்தாத விடைக்காக நூறு சுண்டெலிகளை மாய்ப்பதைச் சிக்கனம் என்று நான் கொள்வதில்லை.

மனிதக் குருத்தணுக்களிலிருந்து இதய உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டிலேயே வளர்க்க இன்று முடிகிறது. மருந்துகளை முதலில் அங்கே ஆராயட்டும். ஆயினும் நடுக்கம் என்பது முழு இதயத்தின் நோய்; தனி உயிரணுவில் அதனைக் காண இயலாது. அதற்கு இன்றளவும் முயலும் நாயும் பன்றியும் தேவைப்படுகின்றன.