"உங்களுக்கு எது பிடிச்சுது அண்ணா?"

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் நம் ஆட்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். 'இந்த ஆண்டு வாசித்தவை' என்று ஒரு பட்டியல் போட்டே ஆகவேண்டும். அறுபது, எண்பது, சிலருக்கு நூறைத் தாண்டும். அடுக்கி வைத்த புத்தகங்கள், பக்கத்தில் ஒரு டம்ளர் காபி, ஒரு போட்டோ. ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி தொடங்கியதும் அதே பட்டியல் 'அவசியம் வாங்க வேண்டிய ஐம்பது நூல்கள்' என்று பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி வரும். நானும் போட்டிருக்கிறேன், ஆறு வருஷம் விடாமல். இனிமேல் போடப்போவதில்லை. நீங்களும் போடாதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

காரணம் எங்கள் தெருவில் வளர்ந்த ஒரு பெண். முதல் சம்பளம் வாங்கிய கையோடு கண்காட்சிக்குப் போய், என் பட்டியலைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு ஏழு புத்தகங்கள் வாங்கியிருக்கிறாள். இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். மார்ச் மாதம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது கேட்டாள்: "அண்ணா, ரெண்டு புத்தகத்துல முப்பது பக்கத்தைத் தாண்ட முடியல. இந்த ஏழுல உங்களுக்கு எது பிடிச்சுது? அதை முதல்ல படிக்கிறேன்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏழில் மூன்றை நான் முடிக்கவே இல்லை. ஒன்று நண்பர் எழுதியது, சேர்க்காவிட்டால் வருத்தப்படுவார். இன்னொன்று இலவசப் பிரதியாக வந்தது, வாங்கிய கடனுக்குச் சேர்த்தேன். மூன்றாவதை எல்லோரும் சேர்த்திருந்தார்கள், விட்டால் நான் படிக்காதவன் ஆகிவிடுவேன். நான் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவளே ஆறுதல் சொன்னாள்: "பரவால்ல அண்ணா, எனக்கு இலக்கியம்லாம் வராது போல."

அவளுக்கு இலக்கியம் வராது என்று அவளை நம்பவைத்தது அந்தப் புத்தகங்கள் இல்லை, நான். முடிக்காத புத்தகத்தை முடித்தவன்போல் காட்டினேன். அதில் திணறிய அவள், குறை தன்னிடம்தான் என்று எடுத்துக்கொண்டாள். இந்தக் கணக்கு எந்தப் பட்டியலிலும் வராது. நம் பட்டியல்களால் எத்தனை பேர் வாசிக்க வந்தார்கள் என்று பெருமை பேசுகிறோம், எத்தனை பேர் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

"பட்டியல் இல்லேன்னா புதுசா வர்றவங்க எங்க தொடங்குவாங்க? க.நா.சு.வே பட்டியல் போட்டவர்தானே?" என்று உடனே ஒரு கேள்வி வரும். போட்டார்தான். 'பட்டியல் விமர்சகர்' என்று கேலியும் வாங்கினார். ஆனால் அவர் பட்டியலில் யார் இல்லை என்பதுதான் சண்டையே. தமிழ்நாடே கொண்டாடிய கல்கியை இலக்கியக் கணக்கில் சேர்க்க மறுத்தவர் அவர். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் சண்டை போடலாம், நானே போடுவேன். ஆனால் அவர் தன் ரசனையைப் பந்தயமாக வைத்தார், அதற்காகத் திட்டும் வாங்கினார். 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பில் ஒவ்வொரு நூலாக எடுத்து, ஏன் படிக்கவேண்டும் என்று எழுதியவரும் அவரே. 1959ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தான் போட்ட புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். எதிரில் நிற்பவன் "இதுல என்ன சார் இருக்கு?" என்று கேட்டால் அந்த இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும். நம் பட்டியலை யாரும் அப்படி மடக்குவதில்லை. யாரையும் விடாமல் சேர்த்துவிடுவதால் யாருக்கும் கோபமும் வருவதில்லை. அதற்குப் பெயர் பரிந்துரை இல்லை, மொய் நோட்டு.

பின்னே எப்படிச் சொல்வது? சமீபத்தில் படித்த மூன்றைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964ல் வந்தது. முதல் இருபது பக்கம் குமரி வட்டாரப் பேச்சு உங்களைத் திணறடிக்கும். என்னையும் திணறடித்தது. வாய்விட்டுப் படித்தேன், வழி திறந்தது. பழைய பெருமையை மட்டும் சுமக்கும் வீட்டில், பெரிய பெண் ஆனதும் உள்ளேயே அடைபட்டுப்போகும் லிஸிக்கும், பனையேறியின் மகன் தங்கராஜுக்கும் இடையிலான காதல். சின்ன நாவல். வீட்டில் 'எங்க போற, யார்கூடப் போற' என்ற கேள்வியோடு வளர்ந்தவர்கள் இதில் தொடங்கலாம்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்'. கல்லூரியில் படித்தபோது 'இதுல என்ன நடக்குது?' என்று தூக்கிப் போட்டேன். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டு வந்து மறுபடி எடுத்தேன். ஜமுனாவின் அலைச்சலில் எல்லாமே நடந்துகொண்டிருந்தது. கதை விறுவிறுவென்று ஓடவேண்டும் என்பவர்களுக்கு இப்போது வேண்டாம். பத்து வருஷம் கழித்துப் படியுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', 1994. தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் கதை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இருக்கும் படிநிலையைக் காட்டியதால் வந்தபோதே பெரிய சர்ச்சை எழுந்தது. அந்தச் சர்ச்சையைச் சொல்லாமல் இதைப் பரிந்துரைப்பது பாதிப் பரிந்துரை. நடுவில் ஒரே துயரம் திரும்பத் திரும்ப வருவதுபோல் எனக்குச் சலித்தது. இரண்டு நாள் மூடிவைத்தேன். ஆரோக்கியத்துக்கு அந்த வாழ்க்கையை மூடிவைக்க வழியில்லை என்று தோன்றியதும்தான் திரும்பத் திறந்தேன்.

மூன்றே புத்தகம்தான். ஆனால் எது உங்களுக்கு வேண்டாம் என்பதும் இப்போது உங்களுக்குத் தெரியும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. முடித்த புத்தகத்தை மட்டும் சொல்லுங்கள். எங்கே சலித்தது, யாருக்கு ஒத்துவராது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நண்பர் எழுதியது என்றால் நண்பர் என்று சொல்லிவிட்டுப் பாராட்டுங்கள். பிடிக்காத ஒன்றையும் காரணத்தோடு எழுதுங்கள். இதைச் செய்தால் எண்பது புத்தகப் பட்டியல் எட்டாகச் சுருங்கும். சுருங்கட்டுமே.

அந்தத் தங்கையின் வீட்டுக்கு நானே 'புத்தம் வீடு' பிரதியோடு போனேன். மூன்று புத்தகங்களை நான் முடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். சிரித்தாள். மூன்று வாரம் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ்: "படிச்சிட்டேன் அண்ணா. கண்ணப்பச்சி எங்க தாத்தாவேதான். ஆனா முடிவு ரொம்ப அவசரம். நீங்க அதைச் சொல்லவே இல்ல."

உண்மைதான், நான் சொல்லவில்லை. அவள் சொன்னபிறகு கடைசி அத்தியாயங்களைத் திரும்ப எடுத்து வைத்திருக்கிறேன். அவள் சொல்வது சரியா என்று பார்க்கவேண்டும்.