இலவசம் என்றால் எது இலவசம்?

சம்பளச் சீட்டு, பிராவிடண்ட் பண்டு கணக்கு, ஆதார், வருமான வரிக்கான படிவம் 16, ரயில் டிக்கெட், ஊரிலுள்ள நிலத்தின் பட்டா, வில்லங்கச் சான்று - உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு முக்கியமான தஸ்தாவேஜுகளில் பெரும்பாலானவை இன்று 'பி.டி.எப்.' என்ற கோப்பாகவே கைக்கு வருகின்றன. பெங்களூரில் வேலை பார்க்கும் தர்மபுரிக்காரர், ஒரு வில்லங்கச் சான்றுக்காக ஒரு நாள் கூலியை இழந்து ஊருக்குப் பஸ் ஏற வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. இது வரவேற்கத்தக்க மாறுதலே. ஆனால், வந்த கோப்பைத் திறந்து பார்க்க ஒரு புரோகிராம் வேண்டும். 'இலவசம்' என்ற விளம்பரத்தை நம்பிப் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இந்தக் கோப்பு முறையை அமெரிக்காவின் அடோபி கம்பெனி 1993-ல் வெளியிட்டது. தொடக்கத்தில், கோப்பைப் படிக்கும் புரோகிராமுக்கே 50 டாலர் விலை வைத்தது. வாங்குவார் அதிகம் இல்லை. பிறகு படிப்பதற்கான புரோகிராமை இலவசமாக்கிய பின்னரே அது உலகெங்கும் பரவிற்று. 2008-ல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு இதைப் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டது. இன்று இந்த முறை எந்த ஒரு கம்பெனிக்கும் தனிச் சொத்து அல்ல. இதைத் திறக்கும் புரோகிராமை எவரும் எழுதலாம். எனவே, ஒரு கோப்பைப் படிப்பதற்கு மட்டும் யாராவது காசு கேட்டால், கொடுக்க வேண்டியதில்லை.

இலவசப் புரோகிராம்களுள் எது நல்லது என்று கேட்பதைவிட, எந்த வேலைக்கு எது பொருந்தும் என்று கேட்பதே முறை. படிக்கவும் அச்செடுக்கவும் மட்டும் வேண்டுமானால், பயர்பாக்ஸ், குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்களே போதும். புதிதாக எதையும் ஏற்ற வேண்டாம். பயர்பாக்ஸில் 2022 முதல், கோப்பின்மேல் எழுத்துகளைத் தட்டச்சு செய்யவும் வசதி உண்டு.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு 'சுமத்ரா பி.டி.எப்.' ஏற்றது. சில மெகாபைட் அளவே உடையது, நொடியில் திறக்கும், பென் டிரைவில் வைத்தும் இயக்கலாம், விளம்பரத் தொல்லை இல்லை. ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும். படிவம் நிரப்புவதற்கு உதவாது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 'ஆகுலர்' இருக்கிறது. படிவம் நிரப்பலாம், குறிப்பு எழுதலாம், டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கலாம். விண்டோஸுக்கும் கிடைக்கிறது. சுமத்ரா, ஆகுலர் இரண்டுமே மூல நிரல் வெளிப்படையாக உள்ளவை; நாளைக்கு விலை கேட்பார்களோ என்ற பயம் இல்லை.

அடோபி ரீடரும் பாக்ஸிட் ரீடரும் வசதி மிகுந்தவை. ஆனால் அடோபியின் புரோகிராம் நூற்றுக்கணக்கான மெகாபைட் இடத்தை அடைக்கும். கோப்பை வேர்டாக மாற்று, பக்கங்களை இணை என்று காட்டும் பொத்தான்களை அழுத்தினால் சந்தா கேட்கும். 'பி.டி.எப். எக்ஸ்சேஞ்ச்' என்ற இன்னொன்றில், கட்டண வசதியைக் காசு கட்டாமல் பயன்படுத்தினால் பக்கத்தின்மீது முத்திரை விழுந்துவிடும். வேலைக்கான விண்ணப்பத்தில் அப்படி ஒரு முத்திரை விழுந்தால் அதை அனுப்ப முடியுமா? சேமிப்பதற்கு முன்னால் கவனிக்க வேண்டும்.

டிஜிட்டல் கையெழுத்து விஷயம் தனியாகச் சொல்லத்தக்கது. இறக்கிக்கொள்ளும் ஆதார் கோப்பில் கையெழுத்து இருக்கும் இடத்தில் மஞ்சள் நிறக் கேள்விக்குறி தெரியும். 'போலியோ' என்று பலர் பயந்துவிடுகிறார்கள். போலி என்பதல்ல அதன் பொருள். கையெழுத்து இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்பதே பொருள். பெரும்பாலான பிரவுசர்களில் இதைச் சரிபார்க்க முடியாது. அடோபி ரீடரில் திறந்து, அந்தக் குறியின்மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, கையெழுத்தைச் சோதிக்கும் கட்டளையைக் கொடுத்து, சான்றிதழை நம்பகமானதாக ஒரு முறை பதிவு செய்தால் பச்சைக் குறி வந்துவிடும்.

கேள்விக்குறியுடன் அச்செடுத்து வந்த தாளை ஏற்க மறுக்கும் அலுவலகங்கள் உண்டு. பச்சைக் குறியைப் பார்த்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும் அலுவலகங்களும் உண்டு. இரண்டுமே தவறு. கையெழுத்து கோப்பில்தான் உயிரோடு இருக்கிறது. அச்செடுத்த தாளில் அது வெறும் படம். பச்சைக் குறியை யார் வேண்டுமானாலும் வரைந்து அச்சிடலாம். கியூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் செய்து பார்ப்பதோ, கோப்பையே திறந்து சோதிப்பதோதான் உண்மையான சரிபார்ப்பு. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா இதை அறிந்திருந்தால், இந்தப் பக்கம் நிற்கும் தொழிலாளி இன்னொரு நாள் லீவு போட வேண்டியிருக்காது.

தமிழ்க் கோப்புகளில் வேறொரு சிக்கலும் உண்டு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு, திரையில் அழகாகத் தெரியும். பெயரைத் தேடினால் அகப்படாது. நகல் எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாக மாறும். யூனிகோடு கோப்பிலும் சில சமயம் கொம்பும் காலும் இடம் மாறிவிடுகின்றன. ஸ்கேன் செய்து படமாக வைத்த கோப்பில் எழுத்தே கிடையாது. அதில் தேடிப் பயனில்லை. இதற்கெல்லாம் படிக்கும் புரோகிராமைக் குறை சொல்ல முடியாது. குறை கோப்பைத் தயாரித்தவரிடம் இருக்கிறது. பெயர், சர்வே எண் ஆகியவற்றை எடுத்து எழுதும்போது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வேறு. கோப்புகளை இணைத்துத் தருகிறோம், சுருக்கித் தருகிறோம், அதுவும் இலவசம் என்று இன்டர்நெட்டில் அழைக்கும் தளங்கள் ஏராளம். அங்கே கோப்பை ஏற்றும் கணமே ஆதார் எண்ணும் பாங்குக் கணக்கும் முகம் தெரியாத ஒருவரின் கம்ப்யூட்டருக்குப் போய்விடுகின்றன. சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்பது அவர்கள் சொல்லும் வார்த்தை. அழித்தார்களா என்று யார் போய்ப் பார்ப்பது? பிரிக்கவும் சேர்க்கவும் 'பி.டி.எப்.சாம் பேசிக்' போன்ற இலவசப் புரோகிராம் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே வேலை செய்யும். கோப்பு வீட்டை விட்டு வெளியே போகாது. ஆதார் நகல் கேட்கும் இடங்களில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்தால், இறக்கிய கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டே எழுந்திருக்க வேண்டும்.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. மத்தியக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் படிவங்கள் பல ஆண்டுகள் அடோபி புரோகிராமில் மட்டுமே ஒழுங்காகத் திறந்தன. 'எக்ஸ்.எப்.ஏ.' என்ற அந்தப் படிவ முறையை 2017-ல் வெளியான சர்வதேசத் தரத்திலேயே கைவிடத்தக்கதாகக் குறித்துவிட்டார்கள். அமைச்சகமும் 2022 முதல் தன் படிவங்களை இணையப் பக்கங்களாக மாற்றத் தொடங்கியது. மற்ற அலுவலகங்களும் இதைப் பின்பற்ற வேண்டும். மக்களின் படிவம் எந்த இலவசப் புரோகிராமிலும் திறக்க வேண்டும். தமிழில் தரும் சான்று தேடக்கூடிய யூனிகோடு எழுத்தில் இருக்க வேண்டும். குடிமகன் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளராக ஆன பிறகுதான் தன் சான்றைப் பார்க்கலாம் என்ற நிலை நியாயமல்ல.

அதுவரை தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் கைகொடுப்பது எளிய வழியே. படிக்க ஒரு சிறிய புரோகிராம், படிவத்துக்கும் கையெழுத்துக்கும் ஒரு பெரிய புரோகிராம். இரண்டையும் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி, அவ்வப்போது புதுப்பித்து வந்தால் போதும். செலவு ஒரு பைசாவும் இல்லை.