அலமாரிக்குள் அடைபட்ட அறிவியல்

ஒரு நூல், ஒரு பழைய சாவி, சுவரில் ஓர் ஆணி. ஊசல் செய்ய இவை போதும். நூலின் நீளம் 25 செண்டிமீட்டர் என்றால், ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அதே ஊசல் இரண்டு விநாடி எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் நூலை எவ்வளவு நீட்ட வேண்டும்? 50 செண்டிமீட்டர் என்றுதான் பலரும் உடனே சொல்வார்கள். ஆட்டிப் பார்த்தால்தான் விடை ஒரு மீட்டரை ஒட்டி இருப்பது தெரியும். ஒரு சாவிக்குப் பதிலாக இரண்டு சாவிகளைக் கட்டினாலும் நேரம் மாறுவதில்லை. இதை மனனம் செய்த மாணவரும் கையால் செய்து பார்த்த மாணவரும் தேர்வில் ஒரே புள்ளிகளைப் பெறலாம். ஆனால், தம் ஊகம் தவறு என்பதைத் தாமே கண்டுபிடித்தவர் இரண்டாமவர் மட்டுமே.

கணிதத்திலும் இதே நிலைதான். பெல்ஜிய நாட்டு ஆசிரியர் ஜார்ஜ் குயிஸ்னேர், 1 முதல் 10 செண்டிமீட்டர் வரையிலான வண்ணக் கோல்களைக் கொண்டு பிள்ளைகளுக்கு எண்களைக் கற்பித்தார். சிங்கப்பூரின் கணிதக் கல்வியும் 1980களிலிருந்து முதலில் பொருள், அடுத்துப் படம், பிறகே குறியீடு என்ற வரிசையைப் பின்பற்றி வருகிறது.

ஆயினும், நூலையும் சாவியையும் வைத்தே எல்லாப் பாடத்தையும் நடத்திவிட முடியாது. வெங்காயத் தோலின் உயிரணுவைக் காண நுண்ணோக்கி வேண்டும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் அறிமுகப்படுத்திய, தாளை மடித்தே செய்யும் 'ஃபோல்ட்ஸ்கோப்' மலிவானது. ஒரு பொருளை 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அது நல்ல வரவுதான். எனினும், மின்சுற்று, வேதியியல், ஒளி ஆகிய பாடங்களுக்கு வேறு கருவிகள் தேவை. அவற்றைச் சிறிய பள்ளிகள் எப்படி வாங்கும்? மலேசியாவில் 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்கின்றனர். தமிழ்ப்பள்ளிகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. பள்ளிக்குக் கிடைக்கும் தலைவீத மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. முப்பது மாணவர்கள் பயிலும் பள்ளிக்கும் முந்நூறு மாணவர்கள் பயிலும் பள்ளிக்கும் நுண்ணோக்கியின் விலையோ ஒன்றுதான்.

ஆகவே, பக்கத்துப் பள்ளிகள் கருவிகளைப் பகிர்ந்துகொள்வதே அறிவான வழி. இது புதிய கருத்தன்று. நடமாடும் நூலகம் ஊர் ஊராகப் புத்தகங்களைக் கொண்டு செல்கிறது. 'புசாட் கெகியாத்தான் குரு' எனப்படும் ஆசிரியர் நடவடிக்கை நிலையங்களும் பல பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடிப் பயிற்றுத் துணைப்பொருள்களை உருவாக்கும் இடங்களாக இருந்து வந்தன. அப்படியிருந்தும், ஒரு பள்ளியின் நுண்ணோக்கி அடுத்த பள்ளிக்குப் போவது ஏன் அரிதாக இருக்கிறது?

காரணம் கஞ்சத்தனம் அன்று, கையொப்பம். பள்ளிக் கருவி அரசுச் சொத்து. அது வெளியே போனால் படிவம் நிரப்ப வேண்டும். ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். உடைந்துவிட்டால் விளக்கம் சொல்ல வேண்டியவரும் அவரே. சில வேளைகளில் ஆசிரியர் தம் சொந்தப் பணத்தில் மாற்றுப் பொருள் வாங்கி வைத்துவிடுவார். அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டால் எந்தத் தொல்லையும் இல்லை. அந்த ஆசிரியரைக் குறை சொல்வது எளிது. அவர் இடத்தில் இருந்தால் பலரும் அதையே செய்வார்கள்.

ஆனால், பூட்டி வைத்த பொருள் பத்திரமாக இருக்கிறது என்பது வெறும் நம்பிக்கை. நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். காற்றோட்டம் இல்லாத இருண்ட அலமாரியில் நுண்ணோக்கியின் வில்லைகளில் பூஞ்சணம் படரும். நாளடைவில் அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். அளவுகருவியின் உள்ளே மறந்துபோன மின்கலம் கசிந்து, இணைப்புகளைத் துருப்பிடிக்க வைக்கும். மாணவர் கையில் உடைந்த வில்லைக்கு விளக்கக் கடிதம் உண்டு. அலமாரிக்குள் பாழான வில்லைக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. முந்தையதாவது ஒரு வகுப்புக்குப் பயன்பட்டது.

எனவே, பகிர்வுத் திட்டம் எதுவானாலும், ஆண்டுக்கு இத்தனை பொருள்கள் தேயும், உடையும் என்பதை முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும். தேர்வுத்தாளுக்கும் அச்சு மைக்கும் பணம் ஒதுக்குகிறோம். அவை தீர்ந்துபோனால் எவரும் தண்டிக்கப்படுவதில்லை. கண்ணாடி வில்லைகளையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில் என்ன தவறு? "இப்படிச் சொன்னால் மாணவர்கள் கவனக்குறைவாக நடந்துகொள்வார்கள்," என்று சிலர் அஞ்சலாம். அந்த அச்சத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. பெட்டியின் மூடியில் ஒவ்வொரு பொருளின் உருவத்தையும் வரைந்து ஒட்டிவிட்டால், திருப்பி வைக்கும்போது எது குறைகிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். குறைந்ததை எழுதி வைத்தால் போதும். அடுத்த வகுப்பு ஏமாறாது.

இன்னொரு சிக்கல் கால அட்டவணை. மூன்று பள்ளிகளும் ஒரே வாரத்தில் மின்னியல் பாடத்தை நடத்தினால் ஒரு பெட்டி எப்படிப் போதும்? ஆண்டுத் தொடக்கத்திலேயே அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடிப் பேசி, பாடங்களின் வரிசையைச் சற்று மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். உண்மையில், கருவி வாங்குவதைவிட இந்த ஒரு கூட்டத்தை நடத்துவதுதான் கடினம்.

இதில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் இடமுண்டு. அவர்களுள் பலர் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். இப்போது அவர்கள் பயிலும் பள்ளியில் அறிவியல் கூடம் இருக்கிறது. அவர்கள் விட்டு வந்த பள்ளியிலோ ஆறாம் ஆண்டு மாணவர்கள் உயிரணுவைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கலாம். அறிவியல் கழகத்தைச் சேர்ந்த நான்கு மாணவர்கள் ஆசிரியரின் துணையுடன் ஒரு பெட்டியைக் கொண்டுபோய், தம்பி தங்கைகளுக்கு வெங்காயத் தோலை உரித்துக் காட்ட ஒரு பிற்பகல் போதும். அதற்கான படிவத்தில் கையொப்பமிடத் தலைமையாசிரியர் ஒருவர் முன்வந்தால், அடுத்த வாரமே அந்த அலமாரியைத் திறந்துவிடலாம்.