பள்ளிக்கூடம் போகும் குழந்தையும் பஞ்சாங்கமும்

நமது பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் குடியானவர்கள், டிராக்டர் வருவதற்கு முன், ஒரு காளைக் கன்றை ஏரில் பூட்டுவதென்றால் எத்தனை நாள் அதைப் பழக்கினார்கள் என்பது யாவருக்கும் தெரியும். பழக்காத மாட்டைப் பூட்டிவிட்டு, அது மிரண்டால் அதன் தலையெழுத்து என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் பெற்ற பிள்ளையை முதன்முதல் பள்ளிக்கூடம் அனுப்புகின்ற விஷயத்தில் மாத்திரம் இந்தப் புத்தி எங்கே போய்விடுகின்றது என்று கேட்கின்றோம்.

இன்றும் அநேகர் செய்கின்ற ஏற்பாடு என்ன? பஞ்சாங்கம் பார்ப்பதும், விஜயதசமிக்குக் காத்திருப்பதும், தட்டில் அரிசியைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவதும், புரோகிதருக்குத் தட்சணை கொடுப்பதுமேயாகும். பள்ளிக்கூடம் திறப்பதோ ஜூன் மாதம். விஜயதசமி வருவதோ புரட்டாசி, ஐப்பசியில். இதற்குள் மற்றப் பிள்ளைகள் மூன்று, நான்கு மாதம் படித்து முன்னே போய்விடுகின்றன. பிந்திவந்த குழந்தை திகைத்து விழித்தால், "இதற்குப் படிப்பு ஏறாது" என்று பெற்றவர்களே சொல்லிவிடுகின்றார்கள். நல்ல நாள் பார்த்த பலன் இதுதானா?

ருஷியாவில் செப்டம்பர் 1ல் பள்ளி திறக்கின்றார்கள். ஜப்பானில் ஏப்ரலில் திறக்கின்றார்கள். அங்கெல்லாம் சரஸ்வதி பூசை இல்லாததால் படிப்பு வராமல் போய்விட்டதா? தலைமுறை தலைமுறையாக அந்தப் பூசை நடந்த நம் இந்தியாவிலோ, 1951ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு சுமார் 18 பேர்தான். பின்பு அந்த எண் ஏறியது பள்ளிக்கூடத்தாலும், அங்கே போட்ட சோற்றாலுமே தவிர, பூசையால் அல்ல.

"எங்களுக்கே எழுத்துத் தெரியாதே, நாங்கள் என்ன சொல்லிக் கொடுப்பது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2011ஆம் வருஷத்து ஜனக்கணக்கிலும் நமது இரு ஜில்லாக்களும் தமிழ்நாட்டுச் சராசரிக்குக் கீழேதான் இருந்தன. ஆனால் குழந்தையைத் தயார்செய்ய எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதேயில்லை.

தன் பெயர், பெற்றோர் பெயர், ஊர்ப் பெயர் ஆகியவற்றைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழக்குங்கள். தானே சாப்பிடவும், கை கழுவவும், ஒன்றுக்கு வந்தால் வாய்விட்டுச் சொல்லவும் பழக்குங்கள். சின்ன வெங்காயம் அரியும்போது பக்கத்தில் உட்காரவைத்துப் பத்துப் பத்தாக எண்ணச் சொல்லுங்கள், அதுவே கணக்கு. களிமண்ணில் பொம்மை செய்யவிடுங்கள்; எழுதப்போகும் விரலுக்கு அதுவே பலம். அது கேட்கின்ற கேள்விகளுக்கு அதட்டாமல் பதில் சொல்லுங்கள், அதுவே அறிவு. அங்கன்வாடிக்குத் தவறாமல் அனுப்புங்கள். கண்ணும் காதும் சரியாயிருக்கின்றனவா என்று வைத்தியரிடம் காட்டுங்கள். சிமெண்டு லாரி ஓடுகின்ற ரஸ்தாவாயிருந்தால் கையைப் பிடித்து நடத்திக் காட்டுங்கள். திறப்பதற்கு முன்பே ஒரு நாள் பள்ளிக்கூடத்தைக் காட்டி வாருங்கள். "அடங்காவிட்டால் வாத்தியாரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று பயங்காட்டுவதை மாத்திரம் அடியோடு நிறுத்துங்கள்.

சட்டமும் உங்கள் பக்கமே இருக்கின்றது. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி குழந்தைக்கோ பெற்றோருக்கோ பரீட்சை வைத்துச் சேர்க்கக் கூடாது, வயதுச் சான்று இல்லையென்று திருப்பியனுப்பக் கூடாது, அடிக்கவும் கூடாது. அரசுப் பள்ளியில் புத்தகமும் மதியச் சோறும் உண்டு. 2022 முதல் காலை உணவும் தொடங்கியிருக்கின்றது.

கடைசியாக ஒன்று. "அந்தத் தெருப் பிள்ளையோடு உட்காராதே, அவள் சமைத்ததைத் தொடாதே" என்று சொல்லியனுப்புகின்றவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஜாதி தானாகத் தெரியாது. நாம் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். அரிசியில் எழுதவைப்பது வெறும் வீண் வேலை, இதுவோ விஷம். ஆகவே குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புமுன், அதற்கு என்ன கற்பிக்கலாம் என்று யோசிப்பதைவிட, நம்மிடமிருந்து எதைக் கற்காமலிருக்க வேண்டும் என்பதை முதலில் யோசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.