வாங்குவது ஒரு நாள். வைத்துக் காப்பது பத்து வருஷம்!

விருதுநகருக்குத் தெற்கே இருக்கிறது சூலக்கரை. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த ஊரை ஒட்டிப் போகிறது. சாலையோரத்தில் கால் மணி நேரம் நின்று பார்த்தால் போதும். காலம் எப்படி மாறிவிட்டது என்பது தெரிந்துவிடும்.

முன்பெல்லாம் ஊருக்கு ஒரு அம்பாசடர் இருந்தால் அதுவே பெருமை. கல்யாணத்துக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான். இன்று ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கின்றன. எஸ்.யு.வி. என்று இவற்றுக்குப் பெயர். பெயர் வாயில் நுழையாதவர்கள் "பெரிய வண்டி" என்கிறார்கள். அதுவும் சரியான பெயர்தான்.

இந்த ஆசை இன்று முளைத்தது அல்ல. 1994-ல் டாட்டா சுமோ வந்தது. 2000-ல் குவாலிஸ் வந்தது. 2002-ல் ஸ்கார்ப்பியோ, 2005-ல் இன்னோவா. தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி எல்லோரும் ஒரே வண்டியில் கோவிலுக்குப் போகலாம் என்ற எண்ணம் அப்போதே நம் குடும்பங்களில் வேர் பிடித்துவிட்டது.

இப்போது அந்த ஆசைக்கு இன்னொரு தூண்டுதல் வந்திருக்கிறது. அதுதான் வரிக் குறைப்பு.

வரியில் எவ்வளவு மிச்சம்?

2025 செப்டம்பர் 22-ந் தேதி ஜி.எஸ்.டி. வரி மாற்றி அமைக்கப்பட்டது. அதற்கு முன் பெரிய எஸ்.யு.வி. வண்டிக்கு 28 சதவீத வரி. அதற்கு மேல் 22 சதவீதம் கூடுதல் தீர்வை. ஆக மொத்தம் 50 சதவீதம். புதிய ஏற்பாட்டில் கூடுதல் தீர்வை போய்விட்டது. வரி 40 சதவீதம் ஆயிற்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரி இல்லாமல் வண்டியின் விலை 14 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வரிப்படி 21 லட்சம் ஆகும். புதிய வரிப்படி 19 லட்சத்து 60 ஆயிரம். மிச்சம் 1 லட்சத்து 40 ஆயிரம். சிறிய தொகை அல்ல.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாகன வரி உயர்த்தப்பட்டது. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு ஆயுள் வரி 18 சதவீதம். 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 22 லட்ச ரூபாய் வண்டி என்றால் 4 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வரி. பிறகு இன்ஷூரன்ஸ். பிறகு மாதத் தவணை.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த செலவு. குடும்பங்களைத் தடுமாற வைப்பது கண்ணுக்குத் தெரியாத செலவு.

மஞ்சள் விளக்கு எரிந்தது

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு சூலக்கரையில். கடை விருதுநகர் பஜாரில். பருப்பு வியாபாரம். வீட்டில் ஏழு பேர். நகையை வைத்து முன்பணம் கட்டி, ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி வாங்குகிறார்கள். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி வாசலுக்கு வந்துவிட்டது.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் வண்டிக்குள் மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. அதனால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பத்து நாளில் வண்டிக்கு இழுவை போய்விட்டது. எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மெக்கானிக் கேட்கிறார்:

"வண்டி எங்கெல்லாம் ஓடுது அண்ணாச்சி?"

"எங்கே ஓடும் தம்பி? வீடு, கடை. கடை, வீடு. அவ்வளவுதான்."

"சாத்தூர், மதுரைப் பக்கம் போறதில்லையா?"

"வாங்கின புதுசிலே இருக்கன்குடிக்குப் போனோம். அதோட சரி."

"அதுதான் அண்ணாச்சி காரணம். வண்டி மேலே குத்தமில்லை. ஓட்டினதிலேதான் இருக்கு."

மெக்கானிக் சொன்னது வேடிக்கை அல்ல. முற்றிலும் உண்மை.

கரி பிடிக்கும் சல்லடை

2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் இந்தியாவில் விற்கும் புது வண்டிகளுக்கு பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாடு வந்தது. டீசல் புகையில் நுண்ணிய கரித்தூள் உண்டு. அது மூச்சுக் குழாய்க்குள் போனால் நோய். எனவே கரித்தூளைப் பிடித்து வைக்க, புகைக் குழாயில் ஒரு சல்லடை வைக்கிறார்கள். டி.பி.எஃப். என்று அதற்குப் பெயர்.

விறகு அடுப்பு உள்ள வீட்டில் புகைபோக்கியில் கரி அடைத்துக்கொள்வது தாய்மார்களுக்குத் தெரியும். அதைப் போலத்தான் இதுவும். பிடித்த கரி எங்கே போகும்? சல்லடைக்குள்ளேயே சேரும். அதை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு தேவை. வண்டி இதைத் தானாகவே செய்துகொள்ளும். ஆனால் ஒரு நிபந்தனை. நிற்காமல், சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும்.

வீட்டில் இருந்து கடைக்கு ஐந்து கிலோ மீட்டர். எஞ்சின் சூடாவதற்குள் ஊர் வந்துவிடுகிறது. கரி எரிய நேரமில்லை. நாளுக்கு நாள் சேருகிறது. சேர்ந்துவிட்டது என்று சொல்லத்தான் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதையும் அலட்சியம் செய்தால், எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக வண்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பிறகு ஒர்க்‌ஷாப்பில்தான் சரி செய்ய முடியும். சல்லடையையே மாற்ற நேர்ந்தால் செலவு பல ஆயிரம். சில வண்டிகளில் லட்சத்தையும் தொடும். வரியில் மிச்சமான பணம் ஒரு சிறு விளக்கைக் கவனிக்காததால் கரைந்துவிடும்!

வைத்தியம் வாசலிலேயே இருக்கிறது

இதில் ஒரு நல்ல சேதி. சூலக்கரைக்காரர்களுக்கு இந்த நோய்க்கு மருந்து தேடி அலைய வேண்டியதில்லை. நான்கு வழிச் சாலை வாசலிலேயே இருக்கிறது. சாத்தூர் சுமார் 20 கிலோ மீட்டர். 60 கிலோ மீட்டருக்குக் குறையாத சீரான வேகத்தில் இருபது நிமிஷம் ஓட்டினால், பெரும்பாலான வண்டிகளில் கரி எரிந்து விளக்கு அணைந்துவிடும். சரியான வேகமும் நேரமும் அந்தந்த வண்டியின் கைப்புத்தகத்தில் போட்டிருக்கும். அணையாவிட்டால் காத்திருக்கக் கூடாது. உடனே காட்ட வேண்டும்.

சுங்கச்சாவடிச் செலவு இருக்கிறதே என்று சிலர் தயங்கலாம். வடக்கே கப்பலூர், தெற்கே எட்டூர்வட்டம் என்று இரண்டு பக்கமும் சாவடி இருப்பது உண்மைதான். 2025 ஆகஸ்ட் 15-ந் தேதி சொந்த வண்டிகளுக்கு வருஷாந்திர பாஸ் வந்தது. அப்போது அதன் கட்டணம் 3,000 ரூபாய். ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். மாதம் இரண்டு, மூன்று தடவை வெளியூர் போகிறவர்கள் கணக்குப் பார்த்து வாங்கலாம்.

கரி எரிந்து முடிந்த நேரத்தில் புகைக் குழாய் நெருப்பாய்ச் சுடும். அப்போது வைக்கோல் மேலோ, காய்ந்த புல் மேலோ வண்டியை நிறுத்தக் கூடாது.

உரக்கடை யூரியா வேண்டாம்

பல புதிய டீசல் வண்டிகளில் டீசல் டாங்க் தவிர இன்னொரு சிறு டாங்க் உண்டு. அதில் ஊற்றுவது யூரியா கலந்த திரவம். 100 பங்கில் 32.5 பங்கு யூரியா. மற்றது சுத்திகரித்த நீர். புகையில் உள்ள நச்சு வாயுவை இது முறிக்கிறது. இது முழுவதும் தீர்ந்துபோனால், நிறுத்திய வண்டி மறுபடி கிளம்பாது. தீரப்போகிறது என்று வண்டி முன்கூட்டியே சொல்லும்.

யூரியாதானே, உரக்கடையில் வாங்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன? கூடவே கூடாது. உர யூரியாவில் உள்ள கசடு குழாய்களை அடைத்துவிடும். மிச்சம் சில நூறு. நஷ்டம் பல ஆயிரம். இந்தத் திரவத்தை டீசல் டாங்கில் தவறி ஊற்றிவிட்டால் எஞ்சினைக் கிளப்பவே கூடாது.

காலையில் ஐந்து நிமிஷம்

வெளியூர் கிளம்பும் அன்று காலை ஐந்து நிமிஷம் செலவழித்தால், நடுவழியில் ஐந்து மணி நேரம் நிற்க வேண்டியதில்லை.

வண்டிக்கு அடியில் பாருங்கள். ஏ.சி. போட்டு ஓட்டிய வண்டிக்குக் கீழே தெளிந்த தண்ணீர் சொட்டினால் பயமில்லை. கறுப்பாகவோ, பிசுபிசுப்பாகவோ, பச்சை, சிவப்பு நிறத்திலோ சொட்டினால் காட்டுங்கள்.

எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் இருக்க வேண்டும். குறைந்தால் மட்டும் அல்ல, அளவுக்கு மேல் ஏறி இருந்தாலும் கோளாறுதான். கரி எரிக்கும் வேலை அடிக்கடி பாதியில் நின்றால் டீசல் இறங்கி ஆயிலோடு கலந்துவிடும்.

டயரில் காற்று வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது டிரைவர் கதவின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். ஏழு பேரும் மூட்டையும் ஏறினால் அளவு வேறு. அதுவும் அங்கேயே போட்டிருக்கும். காற்றுக் குறைந்த டயர் சித்திரை வெயிலில் சூடேறி வெடிக்கும். டயரின் பக்கத்தில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது என்று பொருள். தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயது உண்டு.

சிவப்பு என்றால் நில்!

வண்டிக்குள் எரியும் விளக்குகள் படிக்காதவருக்கும் புரியும் பாஷை. மஞ்சள் என்றால் கவனி. சிவப்பு என்றால் நில்.

எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். "பக்கத்தில்தான் வீடு" என்று ஓட்டினால் எஞ்சின் போய்விடும்.

சூட்டு முள் சிவப்புக்கு ஏறினால் ஓரங்கட்டி நிறுத்தி, ஆற விடுங்கள். கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் வெந்நீர் முகத்தில் பீறிடும். கண் போய்விடும். பொறுமைதான் அங்கே வைத்தியம்.

பெரிய வண்டி காப்பாற்றுமா?

பெரிய வண்டியில் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2022 செப்டம்பர் 4-ந் தேதி மராட்டிய மாநிலம் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தார். விலை உயர்ந்த எஸ்.யு.வி. வண்டி அது. பின்சீட்டில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை என்று போலீசார் தெரிவித்தனர். பின்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். பாட்டிக்கும் அதுதான், பேரனுக்கும் அதுதான்.

சிவகாசி வட்டாரத்துக்கு இன்னோர் எச்சரிக்கை. தீபாவளி நெருங்கினால் வெளியூர் வண்டிகள் வரிசையாக வந்து பட்டாசு வாங்கிப் போகின்றன. பின்சீட்டை மடக்கிப் பெட்டி பெட்டியாக ஏற்றுகிறார்கள். முன்னால் குழந்தைகள் இருக்கிறார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் பட்டாசு கொண்டுபோகத் தடை இருப்பது எதற்காக? மூடிய வண்டிக்குள் ஒரு பொறி விழுந்தால் கதவைத் திறக்க அவகாசம் இராது என்பதற்காகத்தான். அந்த நியாயம் சொந்த வண்டிக்கும் பொருந்தும். பட்டாசும் குழந்தையும் ஒரே வண்டியில் போகக் கூடாது.

கம்பெனி போய்விட்டால்?

வாங்கும் முன் இன்னொன்றும் கேட்க வேண்டும். உதிரி பாகம் கிடைக்குமா? ஒர்க்‌ஷாப் எத்தனை தூரம்?

சென்னையை அடுத்த மறைமலைநகரில் ஃபோர்டு கம்பெனி எண்டெவர் என்ற பெரிய வண்டியைச் செய்து வந்தது. 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. 2022-ல் மறைமலைநகரில் உற்பத்தி நின்றது. வாங்கியவர்களுக்குச் சர்வீசும் உதிரி பாகமும் தொடரும் என்று கம்பெனி உறுதி கூறியது. இருந்தாலும், வண்டியைப் பத்து வருஷம் வைத்திருக்க நினைத்த குடும்பங்களின் மனதில் ஒரு கவலை விழுந்தது. பெரிய பெயர், பக்கத்து ஊர்த் தொழிற்சாலை என்பது மட்டும் போதாது என்பதே பாடம்.

முடிவு என்ன?

பெரிய வண்டி வாங்குவது தவறு அல்ல. ஆனால் கடைக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏழு பேரும் சேர்ந்து மாதத்தில் எத்தனை நாள் போகிறோம்? தினமும் ஓடும் தூரம் எவ்வளவு? தவணை போக, பராமரிப்புக்கு மாதம் ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்க முடியுமா?

தினமும் பத்து கிலோ மீட்டர்தான் ஓட்டம் என்றால் டீசல் வண்டி ஏற்றதல்ல. பெட்ரோல் வண்டி போதும். ஏழு பேராகப் போவது வருஷத்துக்கு நான்கு தடவைதான் என்றால், அந்த நான்கு நாளைக்கு வாடகை வண்டி பிடிப்பதே லாபம். அடிக்கடி வெளியூர் போகும் பெரிய குடும்பமா? தாராளமாக வாங்கலாம்.

கறவை மாடு வாங்குகிறவர் தீவனம் இருக்கிறதா, கொட்டகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கயிற்றைப் பிடிக்கிறார். 20 லட்ச ரூபாய் வண்டிக்கும் அந்த யோசனை வேண்டாமா?