ஐங்குறுநூறும் அடுக்கணிகளும்

ஐங்குறுநூற்றைக் கணினிக்குள் கொண்டுசெல்ல முயன்றபோது நாங்கள் செய்த பிழையொன்றைச் சொல்லியே தொடங்க வேண்டியிருக்கிறது.

ஐந்து திணை, திணைக்குப் பத்துப் பத்து, ஒவ்வொரு பத்திலும் பத்துப் பாட்டு. ஜேசன் வடிவில் அணிக்குள் அணியாக எழுதிவைக்க இதைவிட வாகான நூல் ஏது? (அரே என்பதைக் கணித்தமிழில் 'அணி' என்கிறார்கள். தண்டியலங்காரம் பயின்றோர் பொறுத்தருள்க.) பாடல்களுக்கு எண் தரவில்லை. இருக்கும் இடமே எண்ணைச் சொல்லிவிடும் என்று நம்பினோம்.

பிறகு நிரலில் 'பாடல்' என்றொரு வகுப்பை அமைத்தோம். மூன்றடுக்கையும் ஒரே வரிசையாக நீட்டி, எண்ணிக்கொண்டே சென்று, நூற்றுக்கு ஒரு புலவராகப் பெயர் சூட்டி, ஆப்ஜெக்டுகளாக மாற்றினோம். நிரல் ஒரு முணுமுணுப்புமின்றி ஓடி முடிந்தது.

நெய்தலில் 129, 130ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள். எங்கள் அணியில் அந்தப் பத்து எட்டோடு நின்றிருந்தது. விளைவாக, 131ஆம் பாட்டு 129 ஆயிற்று. கபிலரின் குறிஞ்சியில் முதலிரு பாடல்கள் அம்மூவனார் கணக்கில் ஏறின. ஓதலாந்தையாரின் இரண்டு கபிலருக்கும், பேயனாரின் இரண்டு ஓதலாந்தையாருக்கும் போய்ச் சேர்ந்தன. நால்வருக்கும் நூறு நூறாகக் கணக்குச் சரியாக இருந்தது. கடைசியில் நின்ற பேயனாருக்கு மட்டுமே 98. அதைக் கண்டிராவிட்டால் இணையத்தில் ஏற்றியிருப்போம். அங்கிருந்து யார் யார் மேற்கோள் காட்டியிருப்பார்களோ!

அகநானூற்றைத் தொகுத்தவர்களே வரிசையெண்ணில் திணையை வைக்கவில்லையா என்று நண்பரொருவர் வாதிட்டார். ஒற்றைப்படை எண்கள் பாலை, 2, 8 குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல். உண்மைதான். ஆனால் அங்கே எண் பாட்டோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. நாங்களோ எண்ணைக் கழற்றிவிட்டு இடத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஆகவே எங்கள் கட்சி இது: எண், திணை, பத்தின் பெயர், புலவர், அடிகள் ஆகிய அனைத்தும் தரவிலேயே பெயரோடு இருக்கவேண்டும். மாற்றும் நிரல் அவற்றை எடுத்து வைக்கட்டும், ஊகிக்க வேண்டாம். (ஜாவாவின் ஜிசன் நூலகத்திடம் உள்ளடங்கிய வகை இன்னதென்று சொல்லாமல் விட்டால், நம் வகுப்புக்குப் பதிலாக வெறும் பெயர்-மதிப்புத் தொகுப்பையே கையில் தரும். அதுவும் பட்டு அறிந்ததே.) கிடைக்காத பாடலுக்கும் ஓர் ஆப்ஜெக்ட் வேண்டும். அடிகள் இருக்குமிடத்தில் 'நல்' என்னும் வெற்றுமதிப்பை இட ஜேசன் இடமளிக்கிறது.

இப்போது 129ஐக் கேட்டால் நெய்தல், அம்மூவனார் என்று வருகிறது. கீழே அடிகள் இல்லை.